கதிரைகளை எண்ணியவர்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

நான் பேசுவது கேட்கிறதா என்று யாராவது ஒருவர் கையைக் காட்டினால் தொடங்கலாம். நல்லது. இங்கே மெல்பேர்னில் இரவு ஏழு மணி. இலண்டன்காரர்கள் காலைத் தேநீரோடு இருப்பீர்கள். ரொறன்ரோவில் இன்னும் சரியாக விடிந்திருக்காது.

இந்த மாதம் எனக்குத் தந்திருந்த தலைப்பு 'சங்கப் பாடல்களில் புகழ்ச்சி'. பாடாண் திணையைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக் குறிப்புகளும் எடுத்து வைத்திருந்தேன். இரண்டு வாரத்துக்கு முன் எங்கள் லயன்ஸ் கழகத்தின் பொறுப்பு மாற்ற விருந்து நடந்தது. லயன்ஸ் ஆண்டு யூலை முதலாம் திகதி தொடங்குவதால் இந்த நாட்களில்தான் பழைய தலைவர் இறங்கிப் புதியவர் ஏறுவார். அந்த விருந்தில் ஒருவருக்கு மெல்வின் ஜோன்ஸ் கௌரவம் கொடுத்தோம். செயலாளர் என்ற முறையில் பாராட்டுரையை நான்தான் எழுதி வாசித்தேன். நூற்றைம்பது சொல், ஆங்கிலத்தில். வாசித்து முடித்து வந்து இருந்தபோதே அது பிழைத்துப் போனது எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் நான் சொன்ன சொற்களை எடுத்து இன்னும் பத்துப் பேருக்குப் பொருத்தலாம். 'அயராத', 'தன்னலமற்ற', 'முன்மாதிரியான'... இப்படி.

ஆகவே இன்றைக்கு அந்தத் தலைப்பை விட்டுவிடவில்லை, ஆனால் கொஞ்சம் வேறு வழியாகப் போகப் போகிறேன். அந்த மனிதரைப் பற்றித் தமிழில் பேசப் போகிறேன். அவரிடம் அனுமதி கேட்டேன். "பேசும், ஆனா பேர் சொல்லாதையும்" என்றார். அதனால் 'அண்ணை' என்றே சொல்கிறேன். எங்கள் கழகத்தில் தமிழர்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். இப்போது வெள்ளைக்காரர்களும் அதையே அவருடைய பெயர் என்று நினைத்துக் கூப்பிடுகிறார்கள்.

பாடாண் திணையில் பல துறைகள் இருக்கின்றன. வாழ்த்து, பரிசில் கேட்பது, அரசனுக்குப் புத்தி சொல்வது என்று. அவற்றில் ஒன்று இயன்மொழி. ஒருவனுடைய இயல்பை, அவன் எப்படி இருக்கிறான் என்பதைச் சொல்வது. புறநானூற்றில் இந்தத் துறைக் குறிப்போடு நிறையப் பாடல்கள் உண்டு. ஆனால் எப்படி இருக்கிறான் என்று சொல்லவந்த புலவர்களும் கடைசியில் யானைக்கும் தேருக்கும்தான் போய்விடுகிறார்கள். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான், பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். கடையெழு வள்ளல்கள் என்று நாம் மனப்பாடம் செய்தது முழுவதும் ஒரு நாள், ஒரு கணம், ஒரு பெரிய கொடை. முப்பது வருடமாக மாதம் இரண்டு தடவை மண்டபத்துக்கு முதலில் வந்து கதிரை போட்டு, கடைசியில் நின்று கதிரை அடுக்குகிறவனைப் பாட நமக்குத் துறை இல்லை. அவனும் கொடுக்கிறான்தான். ஆனால் கொடுக்கிற பொருள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அண்ணை இலங்கை ரயில்வேயில் பயணச்சீட்டு எழுதுவினைஞராக இருந்தவர். 1986இல் இங்கே வந்தார். ஒரு தொழிற்சாலையின் பண்டகசாலையில் ஓய்வு பெறும்வரை வேலை. 1994இல் எங்கள் பகுதி லயன்ஸ் கழகத்தில் சேர்ந்தார். அப்போது அங்கே அவர் ஒருவர்தான் தமிழர். ஏன் சேர்ந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். பெரிய பதில் ஒன்றை எதிர்பார்த்துத்தான் கேட்டேன். "மண்டபத்து வாசலிலை ஆள் தேவை எண்டு எழுதிக் கிடந்தது" என்றார்.

லயன்ஸ் பற்றி அதிகம் அறியாதவர்களுக்கு ஒரு நிமிடம். 1917இல் சிக்காகோவில் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்புறுதித் தொழில் செய்தவர் தொடங்கிவைத்தது. வியாபாரிகள் மதியச் சாப்பாட்டுக்குக் கூடித் தங்களுக்குள் தொழில் பேசிக்கொண்டிருந்த கழகங்களை, ஊருக்கும் ஏதாவது செய்யலாமே என்று அவர் திருப்பினார். 1925இல் ஒகையோ மாநிலத்தில் நடந்த மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் வந்து, பார்வையற்றவர்களின் காரியத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். அன்றிலிருந்து கண்தான் லயன்ஸின் முதல் வேலை. 1930இல் இலினோய் மாநிலத்தின் பியோரியா நகரில் ஜோர்ஜ் பொன்ஹம் என்ற லயன் ஒருவர், பார்வையற்ற ஒருவர் கறுப்புக் கைத்தடியோடு வீதியைக் கடக்கத் தவிப்பதைக் கண்டு, தடிக்கு வெள்ளை அடித்துச் சிவப்புப் பட்டை போடலாம் என்று யோசனை சொன்னார். ஓட்டுநரின் கண்ணில் கறுப்புத் தடி படவில்லை என்பதுதான் விஷயம். ஒரு டப்பா பெயின்ட். இதைப் போன்ற சின்ன விஷயங்களில் எனக்கு மரியாதை அதிகம். அவுஸ்திரேலியாவில் முதல் கழகம் 1947இல் நியூ சவுத் வேல்ஸின் லிஸ்மோரில் தொடங்கியது. பெண்களை அங்கத்தவராகச் சேர்க்க 1987 வரை எடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புகழ்ச்சி என்று வந்தால் குறையும் சேர்ந்துதான் வரவேண்டும்.

இனி அண்ணை.

நாங்கள் கூட்டம் நடத்துவது நகரசபையின் மண்டபத்தில். எண்பது கதிரைகள். எட்டு எட்டாகப் பத்து அடுக்காகச் சுவரோரம் வைத்துவிட்டுத்தான் திறப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அண்ணை ஒவ்வொரு முறையும் எண்ணுவார். நான் சேர்ந்த புதிதில், 2006 என்று நினைக்கிறேன், ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு எழுபத்தொன்பது வந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். எனக்கு மறுநாள் வேலை. "விடுங்கோ அண்ணை, ஒரு கதிரைதானே" என்றேன். அவர் டோர்ச்சை எடுத்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிப் போனார். பின்பக்கம், வாகனத் தரிப்பிடத்தின் மூலையில், அன்றைய விருந்தாளிகளில் ஒருவரான ஒரு வயதான கிரேக்கப் பெண்மணி அந்தக் கதிரையில் இருந்தார். மகன் வந்து கூட்டிப்போவதாகச் சொன்னானாம், இன்னும் வரவில்லை. கதிரையைத் தேடிப்போன அண்ணை, கதிரையைக் கேட்கவில்லை. உள்ளே வந்து இன்னொரு கதிரையை எடுத்துப்போய்ப் பக்கத்தில் போட்டு இருந்தார். அந்த அம்மாவின் ஆங்கிலம் இவருக்கு விளங்காது, இவருடையது அவருக்கு விளங்காது. பதினொன்றேகால் வரை இருந்தார்கள். நான் காருக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், சினத்தோடு.

அதற்குப் பிறகு நான் அவருடைய கதிரைக் கணக்கைப் பகிடி பண்ணுவதை விட்டுவிட்டேன்.

அவுஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்குச் சனிக்கிழமை என்றால் என்னவென்று தெரியும். பன்னிங்ஸ் கடை வாசலில் கூடாரம், எரிவாயு அடுப்பு, சொசேஜ், பாண் துண்டு, வாட்டிய வெங்காயம். உள்ளூர்க் கழகங்கள் முறைவைத்து நடத்திக் காசு சேர்க்கும். 2022 வரை ஒரு சொசேஜ் இரண்டரை டொலர். அந்த வருடம் மூன்றரை ஆக்கினார்கள். 2018இல் வெங்காயத்தைச் சொசேஜுக்கு மேலே போடக்கூடாது, கீழே போடவேண்டும், நிலத்தில் விழுந்தால் ஆட்கள் வழுக்கி விழுவார்கள் என்று ஓர் அறிவித்தல் வந்தது. இந்த நாட்டில் அதைப்பற்றி நடந்த விவாதத்தைப் போல ஒரு விவாதம் நம் இலக்கிய உலகில் நடந்தால் நன்றாக இருக்கும். சரி, அது போகட்டும். அண்ணை சைவம். முட்டை கூடத் தொடமாட்டார். முப்பது வருடமாகச் சொசேஜ் வாட்டியிருக்கிறார், ஒன்றைக்கூடத் தின்றதில்லை. வெந்துவிட்டதா என்பதை இடுக்கியால் தட்டிச் சத்தத்தில் சொல்வார். காலை ஆறே முக்காலுக்கு விபூதியோடு வந்து நிற்பார். மாலையில் வீட்டுக்குப் போய் முழுகிவிட்டுத்தான் சாமியறைக்குள் போவாராம். இது அக்கா சொன்னது. அண்ணையின் மனைவியைச் சொல்கிறேன்.

இப்போது நான் பாராட்டுரையில் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு விஷயங்கள்.

முதலாவது கண்ணாடி. லயன்ஸ் கழகங்கள் பாவித்த மூக்குக்கண்ணாடிகளைச் சேகரிப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மருந்துக்கடை, நூலகம், கண்பரிசோதகர் அலுவலகம் என்று பெட்டிகள் வைப்பார்கள். சேர்ந்தவற்றை அனுப்பினால் கழுவி, வலு அளந்து, தேவையான நாடுகளுக்குப் போகும். எங்கள் பகுதிப் பெட்டிகள் ஏழும் அண்ணையின் பொறுப்பு. 2008 ஓகஸ்ட் கூட்டத்தில் இந்த வேலையை நிறுத்தலாம் என்று ஒரு பிரேரணை வந்தது. கொண்டுவந்தவன் நான். கூட்ட அறிக்கையில் இருக்கிறது. காரணமும் சொன்னேன். இடம் பிடிக்கிறது, அனுப்பும் செலவு இருக்கிறது, வெளியில் யாருக்கும் தெரிவதில்லை, புதிதாக ஆட்கள் சேர வேண்டுமென்றால் கண்ணுக்குத் தெரிகிற வேலை செய்யவேண்டும் என்று. என் வாதம் முழுக்கப் பிழை என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. பழையதைச் சேகரித்துக் கழுவி அளந்து அனுப்புகிற செலவில், ஆயத்தமாக விற்கும் புதிய கண்ணாடிகளையே கொடுத்துவிடலாம் என்ற வாதம் கண் மருத்துவ உலகிலும் இருக்கிறது. பிரேரணை ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. அண்ணை எதிர்த்துப் பேசவில்லை. கூட்டம் முடிந்ததும் வழக்கம்போலக் கதிரை அடுக்கினார். பெட்டிகளை என்ன செய்வது என்று கேட்டேன். "நான் பாக்கிறன்" என்றார்.

அவர் அவற்றை நிறுத்தவில்லை என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. தன் கராஜில் வைத்து, ஒரு கண்பரிசோதகரிடம் கெஞ்சிப் பழைய வலு அளக்கும் கருவி ஒன்றைக் கடன் வாங்கி, தானே அளக்கப் பழகி, ஒவ்வொன்றிலும் சின்னச் சீட்டு ஒட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

2009 பெப்ரவரி 7, சனிக்கிழமை. விக்ரோறியாவில் இருந்தவர்கள் அந்த நாளை மறக்க மாட்டார்கள். மெல்பேர்னில் 46.4 பாகை வெப்பம். வடக்கே மலைப்பக்கம் தீ. கிங்லேக், மேரிஸ்வில் என்ற ஊர்கள் ஒரே பின்னேரத்தில் அழிந்தன. 173 பேர் இறந்தார்கள். அடுத்த நாட்களில் பல கழகங்களும் நிவாரண நிலையங்களுக்குப் போயின. எங்கள் கழகத்திலிருந்து ஆறு பேர் போனோம். எங்களுக்குத் தந்த வேலை தேநீர் போடுவதும் சாண்ட்விச் வெட்டுவதும்தான்.

அங்கே ஒரு தகவல் பலகை. ஆட்களைத் தேடி எழுதிய துண்டுக் கடதாசிகள் நிறைந்து கிடந்தன. இன்னாருடைய மகன், இன்ன வீதி, இந்த எண்ணுக்கு அழையுங்கள். அதற்கு முன்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றார். முகத்தைப் பலகைக்கு மிகக் கிட்டக் கொண்டுபோவதும், பிறகு பின்னால் வருவதுமாக இருந்தார். நான் தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் போய் நின்றேன். துக்கம், தனியாக விடவேண்டும் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். அண்ணை பார்த்தார். என்னைப்போல நினைக்கவில்லை. "அவவுக்குக் கண்ணாடி இல்லைப் போலக் கிடக்கு" என்றார்.

வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள். கார்த் திறப்பும் நாயும் கையுமாக வந்தவர்கள். படிக்கிற கண்ணாடியை யார் எடுத்து வருவார்கள்? அண்ணை வெளியே போய்த் தன் கார் டிக்கியிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். பழைய சப்பாத்துப் பெட்டிகள் நான்கு உள்ளே, வலு வாரியாக, சீட்டோடு. அந்தப் பெண் மூன்றாவதாகப் போட்டது சரிவந்தது. பெரிய பிளாஸ்ரிக் சட்டம் போட்ட, எண்பதுகளின் கண்ணாடி. போட்டுக்கொண்டு பலகையை மேலிருந்து கீழே வாசித்தார். அண்ணை பக்கத்தில் நின்றார். அவர் தேடிய பெயர் அங்கே இருந்ததா என்று எனக்குத் தெரியாது. வாசித்து முடித்துவிட்டு அண்ணையின் கையை ஒருமுறை பிடித்துவிட்டு வெளியே போனார், அவ்வளவுதான்.

அன்று பின்னேரத்துக்குள் ஐம்பதுக்கு மேல் போயிருக்கும். அரசாங்கப் படிவங்கள் நிரப்ப வேண்டும், காப்புறுதிக் கடிதம் வாசிக்க வேண்டும். வரிசையில் நின்றார்கள். நான் சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது காரில் நான், "அண்ணை, அந்தப் பிரேரணை..." என்று தொடங்கினேன். அவர், "வலது பக்கம் எடும், அந்த றோட்டு மூடிக் கிடக்கு" என்றார். இன்றுவரைக்கும் அதைப்பற்றி நாங்கள் பேசவில்லை. அடுத்த கூட்டத்தில் பிரேரணையை நானே மீளப் பெற்றேன். அதுவும் அறிக்கையில் இருக்கிறது.

இதைப் பாராட்டுரையில் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொன்னால் என்னைச் சொல்லவேண்டும். நூற்றைம்பது சொல்லுக்குள் இடமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது விஷயம் இன்னும் கடினம்.

பாராட்டுரை எழுதுவதற்கு விவரம் கேட்டு அக்காவுக்கு அழைத்தேன். சேர்ந்த ஆண்டு, வகித்த பதவிகள் என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார். கடைசியில், "தம்பி, நல்லா எழுதுங்கோ. அந்தாள் அதுக்குத் தகுதியான ஆள்தான். ஆனா ஒண்டு. மகள் பட்டம் வாங்கின அண்டைக்கு, அவளின்ரை பேர் கூப்பிடேக்கை எனக்குப் பக்கத்துக் கதிரை வெறுங்கதிரையாக் கிடந்தது. அதை நீங்கள் எழுதத் தேவையில்லை. சும்மா சொன்னனான்" என்றார்.

2011 டிசெம்பர், ஒரு சனிக்கிழமை. கழகம் நத்தார்க் கேக் விற்கிற காலம். அண்ணை பதினொரு மணிக்குப் போகவேண்டும், மண்டபத்தில் பன்னிரண்டுக்கு விழா. போய்ச்சேர்ந்தது ஒரு மணிக்குப் பிறகு. மகள் மேடையேறி இறங்கிவிட்டாள். ஒரே மகள்.

அண்ணை எல்லாவற்றையும் சி.ஆர். கொப்பியில் எழுதுவார். ரயில்வேப் பழக்கம். எத்தனை மணிக்கு யார் வந்தது, யார் போனது, எத்தனை பெட்டி பாண், எரிவாயு சிலிண்டர் எப்போது மாற்றியது, எல்லாம் தமிழில், அழகான கையெழுத்தில். பதினாறு கொப்பிகள். பாராட்டுரைக்காக அவற்றை என்னிடம் தந்திருந்தார். அக்கா சொன்ன அந்தத் திகதியைத் தேடி எடுத்தேன். பதினொரு மணிக்கு அவரை விடுவிக்க வேண்டியவர் யார் என்று அங்கே எழுதியிருந்தது. என் பெயர். பக்கத்தில் ஒரு சொல்: 'வரவில்லை'. அதற்குக் கீழே, '12.35, பொருளாளர் வந்தார். புறப்பட்டேன்.'

எனக்கு நினைவு வந்தது. அன்று காலை நான் அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன், அண்ணை, மறந்தே போனேன், இன்றைக்கு ஒரு புத்தக வெளியீட்டில் எனக்கு விமர்சன உரை இருக்கிறது என்று. "சரி தம்பி, போட்டு வாரும்" என்றார். மகளின் பட்டமளிப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன். வந்திருப்பேனா? நான் பேச வேண்டிய இடத்தில் என் பெயர் அழைப்பிதழில் அச்சாகி இருந்தது. தெரியவில்லை.

அதைவிட மோசமான ஒன்று பிறகு நினைவுக்கு வந்தது. அடுத்த கூட்டத்தில் அவர் என்னிடம், "பேச்சு நல்லாப் போச்சோ?" என்று கேட்டார். நான் அவர் கதிரை அடுக்க அடுக்கப் பக்கத்தில் நின்று பத்து நிமிடம் என் பேச்சைப் பற்றியே சொன்னேன். நாவலின் மையப் பாத்திரம் பிறருக்காக வாழ்ந்தும் தன் வீட்டுக்குள் தோற்றுப்போன ஒருவன் என்று விளக்கியதும் நினைவிருக்கிறது. அவர் கேட்டுக்கொண்டே எட்டு, பதினாறு, இருபத்து நான்கு என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

மகளுக்கு அழைத்தேன். இப்போது அவரே இரண்டு பிள்ளைகளின் தாய். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "எனக்கு அப்பவே தெரியும் அங்கிள். அந்த ஆளுக்கு ஒரு பேச்சு இருந்தது, பாவம், மறந்து போச்சு எண்டு அப்பா சொன்னவர்" என்றார். பிறகு கொஞ்சம் நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கு அப்பாவிலை கோவம் இருந்தது. இப்பவும் கொஞ்சம் இருக்கு. அதுக்காக அவற்றை அவார்ட்டுக்கு வராமல் விடமாட்டன்" என்றார். வந்தார். முதல் வரிசையில் இருந்தார். நான் வாசித்த நூற்றைம்பது சொல்லில் அவருக்கும் அவருடைய தாய்க்கும் ஒரு சொல்லும் இருக்கவில்லை. அதுதான் நான் முதலில் சொன்ன பிழை.

நம்மவர்கள் யாரைப் பாடினார்கள் என்று கேட்டுத் தொடங்கினேன் அல்லவா? எங்கள் ஊரிலிருந்து ஒன்று. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த நாள் நம் எல்லோருக்கும் தெரியும். 1981, மே 31 இரவும் அதைத் தொடர்ந்தும். தொண்ணூற்றேழாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள். கவிதைகள் இருக்கின்றன, கதைகள் இருக்கின்றன, இந்த மேடையிலேயே எத்தனை தடவை பேசியிருக்கிறோம். அந்த நூலகத்தின் தொடக்கம் 1933இல், க. மு. செல்லப்பா என்ற ஒருவர் தன் வீட்டில் புத்தகங்களை வைத்து இரவல் கொடுத்தது. நம் ஆய்வாளர்கள் அவர் பெயரைப் பதிவு செய்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எரிந்ததைப் பாடிய அளவுக்கு, இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வந்ததா என்று குறித்துவைத்த கையை நாம் பாடவில்லை. நான் ஒரு புனைகதைக்காரனாக இருந்தால் அவருடைய வீட்டில் அந்தப் புத்தக அலுமாரிகளுக்கு இடையே நடமாடிய மற்றவர்களைப் பற்றியும் எழுதுவேன். வீட்டு விறாந்தை ஊருக்கு உரியதாகிவிட்டால் அங்கே தேநீர் ஊற்றுகிறவர் ஒருவர் இருக்கத்தானே செய்வார்? அவரைக் கேட்டுத்தான் விறாந்தை போனதா?

கேள்வி பகுதிக்கு நேரம் வேண்டும் என்று நெறியாளர் குறிப்பு அனுப்பியிருக்கிறார். முடிக்கிறேன். ஆனால் அந்தக் கௌரவம் பற்றிய கதையைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

மெல்வின் ஜோன்ஸ் கௌரவம் என்பது 1973இல் ஏற்படுத்தப்பட்டது. ஒருவருடைய பெயரில் லயன்ஸ் சர்வதேச அறக்கட்டளைக்கு ஆயிரம் அமெரிக்க டொலர் கொடுத்தால் அவருக்குச் சின்னமும் பலகையும் வரும். வெளியில் இருந்து பார்த்தால் விலைகொடுத்து வாங்குகிற பட்டம் போலத் தெரியும். நானும் முன்பு அப்படி நினைத்ததுண்டு. தீர்மானம் எடுத்ததை அண்ணையிடம் போய்ச் சொன்னேன். முதல் கேள்வி:

"ஆர் காசு குடுக்கிறது?"

"கழகம் அண்ணை."

"எவ்வளவு?"

சொன்னேன். அவர் மனதுக்குள் டொலரை மாற்றினார். "உது ஒரு சனிக்கிழமைக் காசெல்லோ? ஒரு சனிக்கிழமை முழுக்க ஆறு பேர் நிண்ட காசு. அதை எனக்கு ஒரு பலகைக்கு..." முகம் சுருங்கிவிட்டது. காசு பலகைக்கு இல்லை, அறக்கட்டளைக்குத்தான் போகிறது, பேரிடர் வந்த இடங்களுக்கும், கண் சத்திரசிகிச்சைக்கும், பிள்ளைகளின் தடுப்பூசிக்கும்தான் போகும் என்று பொருளாளர் வந்து விளங்கப்படுத்தினார். அண்ணை கேட்டுவிட்டு, "அப்ப சரி. ஆனா செப்டெம்பரிலை இன்னொரு சனிக்கிழமை கூட எடுங்கோ. கழகக் கணக்கிலை ஓட்டை விழக்கூடாது" என்றார். எடுத்திருக்கிறோம்.

விருந்தன்று அவர் பதில் சொல்ல மேடைக்கு வந்தார். முழங்கால் ஏலாது, இப்போது தடியோடுதான் நடக்கிறார். ஒலிவாங்கியைப் பிடித்து ஆங்கிலத்தில் இரண்டு வசனம்தான் பேசினார். நன்றி என்றார். பிறகு, தன் மனைவிக்கும் மகளுக்கும் தான் நிறையச் சனிக்கிழமைகள் கடன் என்றார். சின்னத்தைக் கழற்றி மனைவியின் சேலையில் குத்த முயன்றார். கை நடுங்கியது. மகள் எழுந்து வந்து வாங்கிக் குத்திவிட்டாள். அக்கா கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு முகத்தோடு, "விடுங்கோ, சீலை கிழியப் போகுது" என்றார். தமிழில் சொன்னார். ஒலிவாங்கியில் எல்லோருக்கும் கேட்டது.

அன்றிரவு கதிரைகளை நான் எண்ணினேன். முதல் முறை எண்பத்தொன்று வந்தது. அண்ணை வாசலில் தடியை ஊன்றிக்கொண்டு நின்று, "திரும்ப எண்ணும்" என்றார்.

இப்போது சி.ஆர். கொப்பி என்னிடம் இருக்கிறது, பதினேழாவது. வருகிற சனிக்கிழமைக்கு மூன்று பெயர் எழுதியிருக்கிறேன், என்னையும் சேர்த்து. நான்காவது இடம் வெறுமையாக இருக்கிறது. காலை ஆறே முக்கால், தெற்கு வாசல். பத்துக் கிலோ வெங்காயம் வெட்ட வேண்டும். மெல்பேர்னில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது வரமுடியும் என்றால் உரையாடல் பெட்டியில் எழுதுங்கள். அன்றைக்கு வேறு பேச்சு ஏதும் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.